காலையிலே வந்த மாலை

முன்வரிசையில் அமர்ந்து என் தமிழில் பிழை தேடும் புலவர் பெருமக்களே!

சிலேடை பேசுபவரை ஆங்கிலத்தில் 'பன்ஸ்டர்' என்கிறார்கள். 'பன்' 17ஆம் நூற்றாண்டில் முளைத்த சொல். அதன் பூர்வீகம் எது என்று கேட்டால் அகராதிக்காரர்களே கையை விரிக்கிறார்கள். இத்தாலியிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஓர் ஊகம், அவ்வளவுதான். ஆனால் வாலில் ஒட்டியிருக்கும் 'ஸ்டர்' இருக்கிறதே, அதற்கு வம்சாவளி உண்டு. பழைய ஆங்கிலத்தில் அது பெண்பால் விகுதி. நூல் நூற்றவள் 'ஸ்பின்ஸ்டர்'. பிறகு ஆண்களுக்கும் வந்தது. வரவர மரியாதை குறைந்தது. ட்ரிக்ஸ்டர், கேங்ஸ்டர்... பன்ஸ்டருக்கு வாய்த்த சொந்தக்காரர்களைப் பாருங்கள்!

நம் பக்கம் கதையே வேறு. தண்டியலங்காரம் சிலேடையை அணிகளில் ஒன்றாகவே வைத்து, செம்மொழி, பிரிமொழி என்று வகையும் பிரித்தது. 'இந்த மேடைக்குப் பலகை வேண்டும்' என்றால் தச்சர் மரம் கொண்டுவருவார். செயலாளரோ ஆள் திரட்டுவார். பல கை! எழுதினால் நடுவில் விடும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். காதுக்கு அது தெரியாது. அதனால்தான் சிலேடைக்கு மேடை தோதான இடம்.

இதே மயிலாப்பூரில் லா ஜர்னல் அச்சகத்திலிருந்து வந்த 'கலைமகள்' இதழின் ஆசிரியர், உ.வே.சா.வின் மாணவர், கி.வா.ஜ. வெளியூர்க் கூட்டத்துக்குப் போய் ரயிலை விட்டு இறங்குகிறார். விடிந்தும் விடியாத நேரம். அன்பர்கள் கழுத்தில் மாலையைப் போடுகிறார்கள். "அடடா, காலையிலேயே மாலை வந்துவிட்டதே!" என்றாராம். யோசிக்க அவகாசமில்லை; யாரையும் குத்தவில்லை; சொல்லில் ஓர் எழுத்தைக்கூட வளைக்கவில்லை. இரண்டு பொருளும் அந்த பிளாட்பாரத்திலேயே நிஜமாக இருந்தன. இதுதான் சிலேடை. இன்று விளம்பரங்களில் ஓர் எழுத்தை ஒடித்து இன்னொன்றை ஒட்டவைக்கிறார்களே, அதற்கு வேறு பெயர் தேடிக்கொள்ளட்டும்.

பிறகு வந்தார் கிரேசி மோகன். கிண்டியில் இன்ஜினீயரிங் படித்தவர். 1976இல் 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதி, நாடகத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். சபாவில் முதல் சிரிப்பு அடங்குவதற்குள் மூன்றாவது ஜோக் போய்விடும். தவறவிட்டதைப் பக்கத்து சீட்டில் கேட்டால் நான்காவதும் போச்சு!

செயலாளர் மணியைப் பார்க்கிறார். சுவரில் இருப்பதையா, மேஜைமேல் இருப்பதையா என்று தெரியவில்லை. எதுவானாலும் அடுத்தவர் பேசட்டும்.