கடல்வழியும் இருப்புப்பாதையும்



இத்தாலியின் லா ஸ்பெசியா துறைமுகத்தில் காலையில் இறங்கும் உல்லாசக் கப்பற் பயணி, மாலைக்குள் மீண்டாக வேண்டும். தனியே சென்றவருக்காகக் கப்பல் காத்திராது. அவர் காண விழைவதோ 'சிங்குவே தெர்ரே' எனப்படும் ஐந்து கடலோரச் சிற்றூர்கள். படகா, இரயிலா என்பதே அவர்முன் நிற்கும் வினா.

1874இல் நிறைவுற்ற இருப்புப்பாதை, இப்பகுதியில் பெரும்பாலும் மலையைக் குடைந்தே செல்கிறது. முதலூராகிய ரியோமஜோரேயை அடையச் சுமார் பத்து நிமிடம் போதும். வழியெங்கும் காண்பது இருளே. படகு மெல்லச் செல்லும். ஆனால் பாறைமேல் அடுக்கிய வீடுகளையும், கற்சுவர் தாங்கும் திராட்சைத் தோட்டங்களையும் முழுமையாகக் காட்டும். எனினும் குன்றின்மேல் அமைந்த கொர்னீலியாவில் படகு நிற்பதில்லை. இரயிலில் சென்றாலும் அவ்வூரை நடந்து அடைய ஏறத்தாழ 380 படிகள் ஏற வேண்டும். கடல் கொந்தளித்தால் படகே ஓடாது.

அக்கடலின் சினம் கவிஞர் அறியாததன்று. 1822 ஜூலை 8 அன்று லிவோர்னோவிலிருந்து லெரிச்சிக்குப் பாய்மரப் படகில் திரும்பிய ஷெல்லி, புயலில் மூழ்கி மாண்டார். அவருக்கு முப்பது வயது நிறையவில்லை. ஸ்பெசியா வளைகுடா இன்று 'கவிஞர்களின் வளைகுடா' எனப்படுகிறது. இளமைக் கோடைகளை மொந்தெரோசோவில் கழித்த மொந்தாலே, அக்கரையைப் பாடி 1925இல் முதல் தொகுதியைத் தந்தார். 1975இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆதலின், கடல் அமைதியாயிருப்பின் காலையில் படகேறுதல் நன்று. நண்பகலுக்குப் பின் காற்று மாறினும் பயணி கரையில் சிக்கிவிடாதிருக்க, மாலையில் இரயிலே ஏற்றது. அதுவும் கடைசி நேரத்து வண்டியன்று, அதற்கு முந்தையது. காண்பதற்குக் கடல், மீள்வதற்கு நிலம்.