ஸ்கான் படம் தலைவிதி அல்ல

(ஒடாஹுஹு புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பிள்ளையின் தாய் நான். 'மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கவேணும்' என்று வைத்தியர் சொன்னவுடன் எங்கட சனம் பயந்துபோகுது. அது காந்தத்தால் எடுக்கும் படம். எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு இல்லை. கைக்குழந்தை என்றால் பால் கொடுத்து, சுற்றி, நித்திரையாக்கியே பெரும்பாலும் எடுப்பார்கள். வளர்ந்த பிள்ளைக்கு மயக்கமருந்து தேவைப்படலாம்.

மூளையில் எந்த இடத்தில், எவ்வளவு பாதிப்பு என்பதைப் படம் காட்டும். பிள்ளை நடக்குமா, கதைக்குமா என்று படம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. இந்நோயுள்ள பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒருவருக்குப் படம் சரியாகவே இருக்கும். ஆகவே 'ஸ்கான் நல்லது' என்று சும்மா இருந்துவிடவும் கூடாது.

முன்பு இந்நோயைக் கண்டறியப் பிள்ளைக்கு ஒன்று, இரண்டு வயதாகிவிடும். ஸ்கானோடு குழந்தையின் அசைவுகளையும் நரம்புப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால், பலருக்கு ஆறு மாதத்துக்கு முன்பே அறியலாம் என்று 2017இல் சர்வதேச நிபுணர்கள் எழுதினார்கள். இளம் மூளை பழக்கப் பழக்கப் படியும். ஒரு வயதுக்கு முன்பே பிள்ளை ஒரு கையை மட்டும் பாவிக்குதா? 'வளரச் சரிவரும்' என்று காத்திருக்காதேங்கோ.

மிடில்மோர் வைத்தியசாலை எங்கட வாசலில்தான். போகும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. 1996ஆம் ஆண்டின் நோயாளர் உரிமைக்கோவையில் அது இருக்கு. மூத்த பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்க வேண்டாம். அந்தச் சுமை அதுக்கு வேண்டாம்.