முதலுதவி செய்தவளை யார் பார்ப்பது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"சுகாதாரம் பற்றி ஏதாவது பேசுங்கள் அக்கா" என்று சங்கத்தில் கேட்டார்கள. சீனி வருத்தம், பிரஷர் பற்றியெல்லாம் இந்த மேடையில் டாக்டர்மார் நன்றாகவே பேசியிருக்கிறார்கள். நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். வேலைத்தளத்தில் ஒருவர் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குகிற ஒருவர் இருப்பார். அன்றிரவு அவர் எப்படித் தூங்குகிறார் என்பதுதான் என் விடயம்.

இந்த மண்டபத்தில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று எங்கிருந்து வந்தாலும், தேயிலையானாலும் இறப்பரானாலும், குளவி கலைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலையில் கொழுந்துக் கயிறு, முதுகில் பாரம், காலுக்குக் கீழே வழுக்கும் சரிவு. எல்லோரும் கீழே ஓடுகிறார்கள். ஒருத்தி விழுந்துவிடுகிறாள். அப்போது இன்னொருத்தி மட்டும் திரும்பி மேலே ஏறுகிறாள். இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து விழுந்தவள் மேல் போர்த்தி, இழுத்துக்கொண்டு வருகிறாள். தனக்கும் ஏழெட்டு இடத்தில் கொட்டியிருக்கும். அது அப்போது தெரியாது. யாரோ 1990க்குப் போன் எடுக்கிறார்கள். வண்டி வர முடியாத பாதை என்றால் கொழுந்து லொறிதான். லொறியில் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவளே போகிறாள். முகம் வீங்குவதையும் மூச்சு இழுப்பதையும் வழி நெடுகப் பார்த்துக்கொண்டு போகிறாள். ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி உள்ளே போகும், கதவு மூடும். இவள் வெளியே நிற்பாள், கையில் மற்றவளின் ஒற்றைச் செருப்போடு.

கதவுக்கு உள்ளே நின்று வேலை செய்தவள் நான். அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவர்களை நாங்கள் "கூட வந்தவர்" என்று ஒரு சொல்லில் எழுதிவிடுவோம். பெயர், நேரம், என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்வோம். அதற்கு மேல் கேட்க எங்களுக்கு நேரமுமில்லை, படிவத்தில் அதற்கு இடமுமில்லை.

மறுநாள் விடிந்தால் பெரட்டு. பெயர் விழாவிட்டால் நாட்சம்பளம் இல்லை. அதே மலைக்கு, சில வேளை அதே நிரைக்கு, அவள் போக வேண்டும்.

இந்த நாட்களில் அவளுக்கு என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தெரியாதவர்கள் இதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஆபத்து வேளையில் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. அந்த வேகத்தில்தான் அவ்வளவு பாரத்தை அவளால் இழுக்க முடிந்தது. காரியம் முடிந்த பிறகும் அது உடனே அடங்குவதில்லை. கை நடுங்கும், வாய் உலரும், சாப்பாடு இறங்காது, சிலருக்கு வயிற்றாலே போகும், சிலர் காரணமில்லாமல் சிரிப்பார்கள். இரவில் கண்ணை மூடினால் அந்த முகம் வரும். பகலில் ஏதாவது 'ங்ங்' என்று இரைந்தால் போதும், உடம்பு தூக்கிப் போடும். பிள்ளைகள் மேல் எரிந்து விழுவாள். இதெல்லாம் பைத்தியமில்லை, பலவீனமுமில்லை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று கிழமையில் தானாகவே தணிந்துவிடும். இதை முதல் நாளே ஒருவர் சொல்லிவைத்தால் பாதிப் பயம் போய்விடும்.

தணியாமல் வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு கேள்விதான்: "நான் வேறு மாதிரிச் செய்திருந்தால் பிழைத்திருப்பாளோ?"

இந்தக் கேள்விக்கு நான் ஆறுதல் வார்த்தை சொல்வதில்லை. உண்மையைச் சொல்வேன். குளவிக் கடியில் ஒவ்வாமை முற்றி மூச்சு அடைக்கும்போது வேண்டியது அட்ரினலின் ஊசி. அது மலையில் எவருடைய படங்கிலும் இல்லை. மாரடைப்பில் இதயமே நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சை அழுத்தினால்கூட, நல்ல அம்புலன்ஸ் வசதி உள்ள பணக்கார நாடுகளிலேயே, ஆஸ்பத்திரிக்கு வெளியே அப்படி விழுந்தவர்களில் பிழைத்து வீடு திரும்புவோர் பத்தில் ஒருவர் அளவுதான். அழுத்தாவிட்டால் அந்த ஒருவரும் இல்லை. சரியாக அழுத்தினால் ஐந்து சென்ரிமீற்றர் இறங்க வேண்டும், அப்போது விலா எலும்பு முறிவது சாதாரணம். அந்த 'டக்' என்ற சத்தம் பல மாதம் காதில் கேட்கிறது என்று தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருக்கும் ஒரு தம்பி என்னிடம் சொன்னார். எலும்பை முறித்துக் கொன்றுவிட்டேனோ என்று அவர் யாரிடமும் கேட்கவேயில்லை, மனதுக்குள்ளேயே வைத்திருந்தார். முறிந்த எலும்பு ஆறும், அவர் ஆழமாகத்தான் அழுத்தியிருக்கிறார் என்று சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் முகம் தெளிந்தது.

லயத்தில் பேசுகிற பேச்சு வேறு. "ஏன் புள்ள அந்நேரம் தண்ணி குடுத்த?" "இறக்கி வச்சிருக்கக் கூடாது." இவை ஒரு மாதிரிப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது "அவளுக்குக் கைராசி இல்ல" என்பது. அப்புறம் அந்தப் பெண்ணைக் கலியாண வீட்டில் ஆரத்தி எடுக்கக்கூடக் கூப்பிடமாட்டார்கள். எல்லோரும் கீழே ஓடியபோது மேலே ஏறிய ஒரே ஆளுக்கு நாம் கொடுக்கிற பட்டம் இது! ஓடியவர்களை நான் குறை சொல்லவில்லை, ஓட வேண்டிய நேரம்தான். ஆனால் ஓடியவர்கள் திரும்பி வந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது.

"பயந்துட்டா" என்று கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டு, நூல் கட்டுகிறார்களே, அதை நான் எதிர்ப்பதில்லை. ஒருவர் அவளை உட்காரவைத்து, நெற்றியைத் தொட்டு, "ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்" என்கிறார். அந்தத் தொடுகை நல்லது. நூல் கட்டியாயிற்று, இனிப் பேச ஒன்றுமில்லை என்று முடித்துவிடுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

நடுக்கம் எளியவர்களுக்கு மட்டும் வருவதில்லை. 2021 ஜூன் 12ஆம் திகதி கோப்பன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிய உதைபந்தாட்டத்தைப் பிள்ளைகள் சிலர் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்டியன் எரிக்சன் என்ற டென்மார்க் வீரர் மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்தார். அணித் தலைவர் சிமோன் கையார் முதலில் ஓடிவந்து உதவினார். மருத்துவர்கள் நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். மற்ற வீரர்கள் சுற்றி வளையமாக நின்று கமராவை மறைத்தார்கள். எரிக்சன் பிழைத்தார், பிறகு மீண்டும் விளையாடவும் வந்தார். நான் கவனித்தது வேறு. அன்றிரவே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். கையார் சிறிது நேரம் ஆடிவிட்டு, 63ஆவது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார், அவரால் முடியவில்லை. அன்று ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கக் கூடாது என்று பயிற்றுநர் யூல்மண்ட் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். நண்பன் பிழைத்த செய்தி கேட்ட பிறகும், உலகத்தின் முன் நிற்கப் பழகிய ஒருவருக்கே இப்படி என்றால், மறுநாள் பெரட்டுக்கு வா என்கிறோமே, அதை யோசியுங்கள்.

சரி, உட்காரவைத்துப் பேசவைத்தால் தீருமா? இதில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 1983இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் தீயணைப்பு, அம்புலன்ஸ் ஊழியர்களுக்காக ஒரு முறையை எழுதினார். சம்பவம் நடந்து சில நாட்களுக்குள் எல்லோரையும் கூட்டி, நடந்ததை முதலிலிருந்து சொல்லவைப்பது அது. அது உலகமெல்லாம் பரவியது. பிறகு, தனி ஆட்களுக்கு ஒரே ஒரு அமர்வில் இப்படிச் செய்த ஆய்வுகளை 2002இல் கொக்ரேன் அமைப்பின் தொகுப்பு ஒன்றாகப் பார்த்தது. பிற்கால மனவடு நோயை அது தடுத்ததாகத் தெரியவில்லை, சிலருக்குக் கூடுதலாகவே பாதித்திருந்தது. அதனால் இப்போது யாரையும் வற்புறுத்திக் கதை சொல்லவைப்பதில்லை. 2011இல் உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து உளவியல் முதலுதவிக் கைநூல் ஒன்றை வெளியிட்டது. அதன் சாரம் மூன்றே சொல்தான்: பார், கேள், இணை. பசிக்கிறதா, காயம் உண்டா, பாதுகாப்பாக இருக்கிறாளா என்று பார். அவள் பேசினால் கேள், பேசாவிட்டால் பக்கத்தில் இரு. வேண்டிய ஆளோடும் உதவியோடும் சேர்த்துவிடு.

தோட்டத்தில் இதை எப்படிச் செய்வது? முதலில் அவளுடைய கொட்டுக்காயத்தைப் பாருங்கள், அதையே மறந்துவிடுகிறோம். இரத்தமோ வாந்தியோ பட்ட உடுப்பை மாற்றி, முகம் கழுவச் செய்து, சூடாக இனிப்புத் தேநீர் ஒன்று கொடுங்கள். லொறியில் தனியாகத் திருப்பி அனுப்பாதீர்கள். அன்றிரவு அக்காவோ மதினியோ வந்து படுத்துக்கொள்ளட்டும். சமையலைப் பக்கத்து வீடு பார்க்கட்டும். இழவு வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். சிலருக்குப் போய் அழுதால்தான் தீரும், சிலருக்கு இறந்தவளின் தாய் "என்ன சொன்னா கடைசியா?" என்று கேட்பதைத் தாங்க முடியாது. போனால் கூட ஒருவர் போங்கள்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது, கைத்தொலைபேசி. விழுந்து கிடப்பதை யாராவது வீடியோ எடுத்து, சாயங்காலத்துக்குள் அது எல்லா லயத்திலும் சுற்றும். உதவியவளுக்கே அனுப்பி "நீதான் புள்ள" என்பார்கள். அவளுக்கு அனுப்பாதீர்கள், அவளும் பார்க்கக் கூடாது. ஆண்பிள்ளைகளுக்குக் கசிப்பு ஊற்றிக் கொடுத்து மறக்கவைப்பதும் அப்படித்தான். அன்றைக்கு மறந்த மாதிரி இருக்கும், தூக்கம் கெடும், முகம் மறுபடி வரும்.

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை எல்லோருக்கும் தெரியும். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேலும் மண் விழுந்தது. இப்படிப்பட்ட இடங்களில் படையினர் வந்து சேரும் முன்னே மண்வெட்டியும் வெறுங்கையுமாகத் தோண்டுவது பக்கத்து லயத்து ஆட்கள்தான். இறந்தவர்களுக்கும் வீடிழந்தவர்களுக்கும் பட்டியல் எழுதுவோம். தோண்டியவர்களின் பெயரை எந்தப் பட்டியலில் எழுதுகிறோம்?

ஒரு மாதம் கடந்தும் தூக்கமில்லை, மலைக்குப் போகவே முடியவில்லை, அந்தக் காட்சி இப்போதுதான் நடப்பது போல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அதற்குச் சிகிச்சை உண்டு, குணமாகும். இரத்தினபுரி, கேகாலை பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தோட்டத்து வைத்திய உதவியாளரிடமே கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926. எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும், தனியாக விடவும் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கே தோட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், பிள்ளைக்காம்பராவைப் பார்க்கிறவர்கள், ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வை செய்கிறவர்கள், ஆசிரியைகள் இருக்கிறீர்கள். இந்தப் பாடசாலையின் முதலுதவிப் படையில் முக்கோணத் துணியில் கைத்தொட்டில் கட்டப் பழகினோம். அதற்குப் பிறகு என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் இடத்தில் முதலுதவி வகுப்பு வைத்தால், கடைசி அரை மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். விசாரணைக்கு அறிக்கை எழுத வேண்டியிருக்கும், அது தேவைதான். ஆனால் கை நடுங்கும்போதே எழுதச் சொல்லாமல் மறுநாள் கேளுங்கள், ஒரே கதையை நான்கு அதிகாரிகளுக்கு நான்கு தரம் சொல்லவைக்காதீர்கள். ஓரிரு நாள் வேறு மலையில் வேலை கொடுங்கள், பெயரை வெட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தால், நல்லதோ கெட்டதோ, தூக்கி வந்தவளுக்கு நேரில் போய்ச் சொல்ல ஒரு ஆளை முன்கூட்டியே குறித்து வையுங்கள். கங்காணியாக இருக்கலாம், நலன்புரி உத்தியோகத்தராக இருக்கலாம். தண்ணீர்க் குழாயடியில் நின்று மற்றவர் பேச்சில் அவள் அதைக் கேட்கும்படி விடாதீர்கள்.