பனிக்கட்டியின் உருகுநிலை: சுழியம் என்னும் எண்ணின் நிபந்தனைகள்

பனிக்கட்டியின் உருகுநிலை பற்றிய ஆய்வுரைகளைக் கேட்க அவையோர் பெங்களூரில் கூடியிருப்பது பொருளுக்கு மிகவும் இயைந்தது. ஏனெனில், கடல்மட்டத்திற்குச் சுமார் 920 மீட்டர் மேலே அமைந்த இந்நகரில் காற்றழுத்தம் சென்னையில் உள்ளதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருப்பதால், திறந்த பாத்திரத்தில் வைத்த நீர் 100 டிகிரி செல்சியஸை எட்டுமுன்பே, சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிநிலை இவ்வாறு இடத்திற்கேற்ப மாறுமாயின், பாடநூல்கள் நிபந்தனை ஏதும் கூறாது எழுதிவிடும் மற்றோர் எண்ணாகிய சுழியமும் மாறுமா என்பது இயல்பாக எழும் கேள்வி.

மாறுகிறது, ஆனால் எதிர்த்திசையில், அதாவது மேல்நோக்கி, அதுவும் ஆயிரத்தில் ஒரு டிகிரிக்கும் குறைவாகவே மாறுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேலாகப் பெருகுவதால் அழுத்தம் அதனை வலுவாகத் தடுக்கிறது. பனிக்கட்டியோ உருகி நீராகும்போது ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு சுருங்குகிறது. ஆகவே அழுத்தம் மிகுந்தால் குறைந்த இடத்தை அடைக்கும் நீர்நிலைக்கே அது சாய்ந்து, சற்றுத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகுகிறது. 1849இல் ஜேம்ஸ் தாம்சன் கணக்கிட்டுச் சொன்ன இவ்விளைவை, மறு ஆண்டில் அவருடைய தம்பி வில்லியம் தாம்சன் சோதனையால் மெய்ப்பித்தார். ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் உருகுநிலை சுமார் 0.0075 டிகிரிதான் இறங்கும் என்றாலும், ஏறத்தாழ 2,000 வளிமண்டல அழுத்தத்தில் அது சுழியத்திற்குக் கீழே 22 டிகிரி வரை சென்றுவிடுகிறது. அதற்கும் மேலே, நீரைவிட அடர்ந்த வேறு பனிக்கட்டி வகைகள் தோன்றுவதால், உருகுநிலை மீண்டும் ஏறத் தொடங்குகிறது.

காற்றின் பங்கு இதோடு முடிவதில்லை. பனிக்கட்டி, நீர், நீராவி ஆகிய மூன்றும் வேறு எதுவும் கலவாது ஒருங்கே நிலைபெறும் மும்மைப் புள்ளி 0.01 டிகிரி, அங்கிருந்து சுழியத்திற்கு இறங்கும் நூறில் ஒரு டிகிரியில் முக்கால் பங்கு காற்றின் அழுத்தத்தாலும், எஞ்சிய கால் பங்கு நீரில் கரைந்த காற்றாலும் விளைவது. சுழியம் என்று எளிதாகச் சொல்லப்படும் அந்த எண், காற்று கரைந்த தூயநீரும் ஒரு வளிமண்டல அழுத்தமும் சேர்ந்த சூழலுக்கே உரியது.

கரைபொருள் செய்யும் மாற்றமோ கண்ணுக்கே தெரிவது. பனிக்கட்டியின் பரப்பிலிருந்து மூலக்கூறுகள் நீருக்குள் பிரிவதும், நீரிலிருந்து திரும்பிவந்து ஒட்டுவதும் ஓயாது நிகழ்கின்றன. உப்பு கரைந்த நீரில் திரும்பி வருவன குறைவதால், இரண்டும் சமமாக வெப்பநிலை இன்னும் தாழவேண்டியிருக்கிறது. சாதாரண உப்பு நூற்றுக்கு 23 பங்கு அளவில் கலந்தால் கரைசல் சுழியத்திற்குக் கீழே 21 டிகிரி வரை உறையாது. ஐஸ் தொழிற்சாலையில் நன்னீர் நிறைந்த தகரப் பெட்டிகளை இறக்கிவைக்கும் தொட்டியில் உறையாது ஓடிக்கொண்டிருப்பது அத்தகைய உப்புநீரே. அங்கிருந்து வெளிவரும் ஐஸ் பாரைக் கூர்ந்து நோக்கினால், ஓரங்கள் கண்ணாடிபோல் தெளிந்திருக்க, நடுவே மட்டும் வெண்மை படர்ந்திருப்பது புலப்படும்; பெட்டியின் சுவரிலிருந்து உட்புறமாக நீர் உறைந்துவரும்போது, தன் படிக அமைப்பில் இடம்பெற முடியாத காற்றையும் உப்புகளையும் ஒதுக்கித் தள்ளி இறுதியில் நடுவே அடைத்துவிடுகிறது. ஒரே பாரின் ஓரமும் நடுவும் துல்லியமாகப் பார்த்தால் ஒரே வெப்பநிலையில் உருகுவதில்லை.

பள்ளி ஆய்வகங்களில் வெப்பமானியின் சுழியத்தைச் சரிபார்க்கக் கடையில் வாங்கிய ஐஸையும் குழாய்நீரையும் பயன்படுத்தும் வழக்கம் இதனாலேயே திருத்தப்பட வேண்டியது. வாலைநீரை உறையவைத்து, நொறுக்கி, வாலைநீரே ஊற்றிக் கலக்கி, வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் சுவரைத் தொடாதபடி வைத்து அளவெடுக்கும் முறையைத் தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெறச் செய்வதற்குரிய வாசகத்தை இக்கருத்தரங்கின் நிறைவு அமர்வு வகுத்துத் தரவேண்டும் என்னும் வேண்டுகோளுடன் முதல் அமர்வு தொடங்குகிறது.