சுகத்துக்கும் பகுத்தறிவு வேண்டும்

(இளைஞர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உடல் சுகமும் உடல் நலமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். "சாதி ஒழிப்புப் பயிலரங்கில் இதற்கு என்ன வேலை?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்வி. ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன்.

பம்பாயில் ரகுநாத் தோண்டோ கார்வே என்று ஒருவர் இருந்தார். கருத்தடையை ஆதரித்துப் பேசியதால் கல்லூரி வேலையை இழந்தவர். 1927 முதல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி இதழை நடத்தினார். சுய இன்பம், தன்பால் ஈர்ப்பு பற்றி வாசகர்கள் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் எழுதினார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1934இல் அவருக்காக வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். வழக்கு தோற்றது, கார்வேவுக்கு அபராதம். அம்பேத்கர் அதோடு விடவில்லை. 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு ஆதரவாக அவரது கட்சியின் சார்பில் தீர்மானம் வந்தது. அதுவும் தோற்றது. இங்கே பெரியார், 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கற்புக்கு ஒரு அத்தியாயம், கர்ப்பத்தடைக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கினார்.

இவர்களுக்கு வேறு வேலை இல்லையா? சாதி என்பது அகமணத்தால் நிற்கிறது என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதிவிட்டார். யார் யாரோடு படுக்கலாம் என்று கட்டுப்படுத்தாமல் சாதியைக் காப்பாற்ற முடியாது. அதற்காகத்தான் சுகம் பாவம் என்கிறார்கள், நோயைத் தண்டனை என்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கு இருபத்துநாலு வயதிலேயே தெரியும். மேடையில் பேசியும் இருக்கிறேன். ஆனால் தெரிந்தபடி நடந்தேனா? சொல்கிறேன்.

ஒரு நாள் இரவு, ஒருவரோடு ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். இருவருக்கும் விருப்பம்தான். தெருமுனை மருந்துக்கடைக்காரர் அப்பாவின் நண்பர், கேட்க வெட்கம். அதைவிட வெட்கப்பட வேண்டியது இன்னொன்று. 'நல்ல குடும்பத்துப் பெண், என்ன வந்துவிடப் போகிறது' என்று நினைத்தேன். தீட்டு இல்லை என்று மேடையில் பேசியவன், ஒருத்தர் 'சுத்தமானவர்' என்று குடும்பத்தைப் பார்த்து முடிவு செய்தேன்.

சில வாரத்தில் சின்னதாக ஒரு புண் வந்தது. வலி இல்லை. தானாக ஆறியது. நானும் மறக்கப் பார்த்தேன். அதற்குள் இன்னொரு தோழரைக் காதலிக்கத் தொடங்கியிருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அவர்தான், "ரெண்டு பேரும் ஒருதடவை டெஸ்ட் எடுத்துக்கலாமா?" என்றார். எனக்கு எச்ஐவி இல்லை. சிபிலிஸ் இருந்தது. அவருக்கும் வந்திருந்தது.

தொடக்கத்திலேயே கண்டால் பென்சிலின் ஊசி ஒன்றில் தீர்ந்துவிடும் நோய் அது. ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "உனக்கு ரெண்டு மாசமா சந்தேகம் இருந்திருக்கு. என் உடம்பைப் பத்தி நான் எடுக்க வேண்டிய முடிவை நீயே எடுத்துட்ட." என்னிடம் பதில் இல்லை. முதலாமவரிடமும் போய்ச் சொன்னேன். அவருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. பரிசோதனை செய்துகொண்டார்.

தோழர்களே, ஒழுக்கம் என்றால் எனக்கு இப்போது இதுதான் பொருள்: இன்னொருவர் தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கத் தேவையான உண்மையை அவரிடமிருந்து மறைக்காமல் இருப்பது. எத்தனை பேரோடு, தாலி உண்டா இல்லையா என்பதெல்லாம் ஊர் கேட்கும் கேள்விகள். இந்த நாட்டில் கணவனைத் தவிர யாரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்குக் கணவன் மூலமே எச்ஐவி வந்திருக்கிறது. கற்பு அவர்களைக் காப்பாற்றியதா? மறுபக்கம், எச்ஐவி உள்ள ஒருவர் தொடர்ந்து மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்தால், உறவின் மூலம் அவரிடமிருந்து அது பரவாது. யாரைப் பார்த்து நாம் பயப்படுகிறோம், யாரை நம்புகிறோம் என்று யோசியுங்கள்.

ஆபத்தே இல்லாத சுகம் இல்லை. பைக் ஓட்டுவதிலும் ஆபத்து உண்டு, ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறோம். ஆணுறை எச்ஐவி, கொனோரியா, கர்ப்பம் எல்லாவற்றையும் வெகுவாகத் தடுக்கும். தோலோடு தோல் பட்டுப் பரவும் ஹெர்பிஸ், எச்பிவி போன்றவற்றை முழுதாகத் தடுக்காது. எச்பிவிக்குத் தடுப்பூசி இருக்கிறது, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது அது. எச்ஐவி தொற்றியிருக்குமோ என்று பயந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பு மருந்து உண்டு. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்ஐவி பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. 1097க்குக் கூப்பிட்டும் கேட்கலாம்.

ஆண் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. சுகம் இருவருக்கு, கர்ப்பம் ஒருவருக்கு. "ஆணுறை போட்டால் சுகம் குறையும்" என்று சொல்லும்போது, உங்கள் சுகத்துக்கான விலையை அவரைக் கட்டச் சொல்கிறீர்கள். திருமணமாகாத பெண்ணுக்கும் சட்டப்படியான கருக்கலைப்பில் சம உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. அந்த உரிமை அவருடையது. நீங்கள் அலட்சியமாக இருப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு இப்போது விருப்பமா? எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியுமா? ஏதாவது நடந்தால் யார் சுமப்பது? மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் இருந்தால், பிறகு மகிழ்ச்சியாக இருங்கள். குற்றவுணர்ச்சி வேண்டாம்.

இதில் தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். பின்வரிசைத் தோழரின் கேள்வியிலிருந்தே விவாதத்தைத் தொடங்கலாம்.