குழந்தையின் நீர்க்கடுப்பும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர்களும் தாய்மார்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேசப் போவது தேர்தலைப் பற்றியல்ல. குழந்தைகளின் மூத்திரத்தைப் பற்றியாகும். இதைக் கேட்டவுடன் சிலர் முகஞ் சுளிப்பதும் பின்வரிசையில் சிலர் சிரிப்பதும் தெரிகிறது. தாராளமாய்ச் சிரியுங்கள். ஆனால் எந்த விஷயத்தைப் பேசக் கூச்சப்படுகிறோமோ, அந்த விஷயத்தில்தான் வியாதி தைரியமாய்க் குடியிருக்கிறது.

குழந்தை மூத்திரம் போகும்போது துடித்து அழுதால் நம் வீடுகளில் என்ன சொல்லுகிறோம்? "சூடு பிடித்துக்கொண்டது" என்கிறோம். உடனே கால் பெருவிரலில் சுண்ணாம்பு, தொப்புளில் விளக்கெண்ணெய், ஓர் இளநீர். இளநீரோடு எனக்குச் சண்டையில்லை, தாகத்துக்கு நல்லது. ஆனால் மூத்திரப்பையில் இருக்கிற நோய்க்கும் கால் விரலில் தடவுகிற சுண்ணாம்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவராவது கேட்டதுண்டா? இதற்கும் அடங்காவிட்டால் மந்திரிப்பு. அதற்கும் மேலே போனால், நம் திருவள்ளூரிலேயே "வைத்திய" வீரராகவர் இருக்கவே இருக்கிறார். அமாவாசைதோறும் குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் நோயும் கரைந்துவிடும் என்பது ஐதீகமாம். தண்ணீரில் வெல்லம் கரைவது வெல்லத்தின் குணம். அதைப் பார்த்து நோயும் கரையும் என்பது எந்தச் சாஸ்திரம்?

அந்த நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கிருமி. அதற்கு ஈ-கோலை என்று பெயர். 1885-ம் வருஷத்தில் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை வைத்தியர் பச்சிளங் குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டுபிடித்தார். இது உங்கள் குடலிலும் இருக்கிறது, என் குடலிலும் இருக்கிறது. அங்கே இருக்கிறவரை பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். மலத் துவாரத்திலிருந்து மூத்திரத் துவாரத்துக்கு ஏறிவிட்டால்தான் தொல்லை. பெண் குழந்தைகளுக்கு மூத்திரக் குழாய் குட்டையானதால் அவர்களுக்கு இது அதிகம் வருகிறது. பிறந்து சில மாதங்களே ஆன ஆண் குழந்தைகளுக்கும் வரும்.

இங்கே தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைக்குழந்தை "எரிகிறது" என்று வாய்திறந்து சொல்லாது. சளியில்லை, இருமலில்லை, ஆனாலும் காய்ச்சல் அடிக்கும், வாந்தி எடுக்கும், பால் குடிக்காது, எடை ஏறாது. அவ்வளவுதான் அடையாளம். இதைத் "திருஷ்டி" என்று சொல்லி மிளகாயைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நாலைந்து நாள் கடத்தினால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறித் தழும்பு விழச் செய்துவிடக்கூடும். அந்தத் தழும்பு சில குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இரத்தக் கொதிப்பாகவும், சிறுநீரகம் கெடுவதாகவும் வந்து முடியும்.

சரி, சுண்ணாம்பையும் மந்திரத்தையும் விட்டுவிட்டோம், மருந்துக்கு வந்துவிட்டோம் என்று சிலர் பெருமையாய்ச் சொல்லுகிறார்கள். வந்தது வாஸ்தவம். ஆனால் எப்படி வந்தோம்? கோவிலில் விபூதி வாங்குகிறது போலவே மருந்துக் கடையிலும் வாங்குகிறோம். "குழந்தைக்குக் காய்ச்சல், ஸ்ட்ராங்காக ஏதாவது கொடுங்கள்" என்கிறோம். அவர் ஒரு ஆண்டிபயாட்டிக் பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறார். என்ன கிருமி என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இரண்டு நாள் கொடுக்கிறோம். காய்ச்சல் இறங்கினதும் பாட்டிலை மூடி மாடத்தில் வைக்கிறோம். அடுத்த மாதம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் அதையே எடுக்கிறோம். இது வைத்தியமா, பிரசாதமா? பகுத்தறிவினால் கண்டுபிடித்த பொருளை மூடநம்பிக்கையாய் உபயோகித்தால் கிடைக்கிற பலன் என்ன என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பெனிசிலினை 1928-ல் கண்டுபிடித்த பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு வாங்கினபோதே எச்சரித்தார்: போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமி சாகாது, மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று. நம்மில் பலர் "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்கிறார்கள். அது தப்பு. பழகுவது உடம்பல்ல, கிருமி. சவுகரியமான இடத்தில் ஈ-கோலை இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாய்ப் பிரியும். ஒரே ஒரு கிருமி, தடையில்லாவிட்டால், பத்து மணி நேரத்தில் நூறு கோடியைத் தாண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தனை கோடியில் ஒன்றிரண்டுக்குத் தற்செயலாய் மருந்தைத் தாங்கும் குணம் அமைந்துவிடும். மருந்து மற்றதையெல்லாம் கொல்லுகிறது. இது மிஞ்சி, காலியான வீட்டில் தன் குடும்பத்தைப் பெருக்குகிறது. சில கிருமிகள் மருந்தை வெட்டிப் போடும் ஒரு ரசத்தைச் சுரக்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தை இறைத்து வெளியே தள்ளுகின்றன. இதைவிட வேடிக்கை, இந்த வித்தையை ஒரு கிருமி வேறு இனத்துக் கிருமிக்கும் கொடுக்கிறது. அவைகளுக்கு வருணாசிரமம் கிடையாது. கொள்வினை கொடுப்பினையில் ஜாதி பார்ப்பதில்லை. கெட்ட காரியத்துக்கென்றாலும், அந்த மட்டில் நம்மைவிட முன்னேறியிருக்கின்றன!

சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் வைரஸ் காரணம். அதன்மேல் ஆண்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. ஆனால் குடலிலுள்ள சாதுக் கிருமிகளைக் கொன்று முரட்டுக் கிருமிகளை வளர்த்துவிடும். பிறகு நீர்க்கடுப்பு வரும்போது ஏறிவருவது அந்த முரடுதான். 2016-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் ஒரு தொகுப்பு வெளிவந்தது. 26 தேசங்களில் நடந்த 58 ஆராய்ச்சிகள், குழந்தைகளின் மூத்திரத்தில் எடுத்த எழுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஈ-கோலைகள். பணக்கார தேசங்களில் ஆம்பிசிலினுக்கு அடங்காதவை நூற்றுக்கு 53. மற்றத் தேசங்களில் நூற்றுக்கு 80. சிப்ரோபிளாக்சசினுக்கு அங்கே 2, மற்றத் தேசங்களில் 27. ஒருமுறை ஆண்டிபயாட்டிக் சாப்பிட்ட குழந்தைக்கு ஆறு மாதம் வரையிலும் அடங்காத கிருமி இருக்கும் சந்தர்ப்பம் அதிகம் என்றும் அதில் கண்டிருக்கிறது.

இது ஏதோ சீமைச் சமாச்சாரம் என்று எண்ணிவிடாதீர்கள். 2008-ல் டில்லிக்கு வந்துபோன ஒருவருக்கு ஸ்வீடனில் மூத்திரத்தில் ஒரு கிருமி கண்டார்கள். கடைசி ஆயுதமாய் வைத்திருந்த மருந்துகளையும் அது முறித்தது. அந்தச் சக்திக்கு "என்.டி.எம்-1" என்று பெயரிட்டார்கள். 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்ற தமிழரும் மற்றவர்களும் ஆராய்ந்து, சென்னையில் 44, அரியானாவில் 26, இங்கிலாந்தில் 37 கிருமிகளில் இதே சக்தியிருப்பதை வெளியிட்டார்கள். உடனே நம் தேசபக்தர்கள் என்ன செய்தார்கள்? கிருமியின்மேல் கோபப்படவில்லை, பெயரில் டில்லி இருக்கிறதே என்று கோபப்பட்டார்கள்! இந்தியாவின் வைத்திய வியாபாரத்தைக் கெடுக்கும் சதி என்றார்கள். அடுத்த வருஷம் டில்லியில் தெருவில் தேங்கிய நீர் 171 இடத்தில் எடுத்துப் பார்த்ததில் 51-லும், குழாய்த் தண்ணீர் 50-ல் 2-லும் அது இருந்தது. தேசத்தின் மானம் பெயரிலா இருக்கிறது, சாக்கடையிலா இருக்கிறது?

ஆனாலும் நல்ல வைத்தியர்களும் இருந்தார்கள். 2012-ல் சென்னையில் கூடி, இதற்கு ஒரு கட்டுத்திட்டம் வேண்டுமென்று பிரகடனம் செய்தார்கள். 2013-ல் சர்க்கார் "எச்-1" என்ற அட்டவணையை ஏற்படுத்தி, 2014 மார்ச்சு முதல் அமுலுக்குக் கொண்டுவந்தது. அதன்படி செபிக்சிம் போன்ற மருந்தை வைத்தியர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டுக் கொடுத்தவர், வாங்குகிறவர், மருந்து, அளவு எல்லாவற்றையும் புஸ்தகத்தில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் நல்ல சட்டம். அந்தப் புஸ்தகத்தை உங்களில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்?

தாயை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது யோக்கியமல்ல. இந்தச் சிப்காட்டில் காண்டிராக்டில் வேலை செய்கிற தோழருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவருக்குப் பாஷையும் தெரியாது. மருந்துக் கடையோ பத்து நிமிஷத்தில் முடிகிறது. ஆகவே குழந்தை வைத்தியத்துக்குக் கூலியோடு விடுப்பு என்பதையும் சங்கங்கள் கோரிக்கையில் சேர்க்கவேண்டும். அதுபோல் பள்ளிக்கூடத்துக் கக்கூசு நாறுகிறதென்று காலைமுதல் மாலைவரை அடக்கிக்கொண்டு வருகிற பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். அடக்குவதும், மலச்சிக்கலும் இந்த நோய்க்கு வாசலைத் திறந்துவிடுகிறவை. கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்கிற ஊர், பள்ளிக் கக்கூசுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட முடியாதா? கட்டினபின் அதைக் கழுவுவது இன்ன ஜாதிக் குழந்தையின் வேலை என்று ஒதுக்குகிற அயோக்கியத்தனமும் கூடாது.

நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். காரணம் தெரியாத காய்ச்சலென்றால் வைத்தியரிடம், "மூத்திரத்தைப் பரிசோதிக்க வேண்டாமா?" என்று கேளுங்கள். முதல் வேளை மருந்து கொடுப்பதற்கு முன்பே மூத்திரம் எடுக்கவேண்டும். தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைச் சுத்தமான புட்டியில் பிடித்து, தாமதிக்காமல் கொடுங்கள். கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க இரண்டு மூன்று நாளாகும். கைக்குழந்தைக்குக் கடுமையான காய்ச்சலென்றால் வைத்தியர் அதுவரை காத்திராமல் மருந்து தொடங்குவார். முடிவு வந்தபின் மாற்றுவார். அவர் சொன்ன நாள் வரை கொடுங்கள், மிச்சத்தைச் சேமிக்காதீர்கள்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "கிருமியும் கண்ணுக்குத் தெரியாது, கடவுளும் கண்ணுக்குத் தெரியாது, இதை நம்பச் சொல்லுகிற நீர் அதை ஏன் நம்பக்கூடாதென்கிறீர்?" என்கிறார். நல்ல கேள்வி. நான் எதையும் நம்பச் சொல்லவில்லை. போய்ப் பார்க்கச் சொல்லுகிறேன். பரிசோதனைச் சாலையில் ஒரு வட்டத் தட்டில் கிருமியைப் பயிர் செய்து, அதன்மேல் மருந்து தோய்த்த சிறு காகிதப் பொட்டுகளை வைக்கிறார்கள். மறுநாள், கிருமி அடங்குகிற மருந்துப் பொட்டைச் சுற்றிப் பயிர் முளைக்காமல் தெளிவாய் ஒரு வட்டம் விழுந்திருக்கும். அடங்காத மருந்தானால் பொட்டின் விளிம்புவரை முளைத்து நிற்கும். பூதக்கண்ணாடிகூட வேண்டாம். உங்கள் குழந்தையின் தட்டை உங்களுக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.