கவசம் அடியாக மாறும் இடம்

எங்கள் வீட்டில் ‘டேங்க்’ என்று யாராவது சொன்னால் அம்மா கை கூப்புவார். அவருக்கு அது டேங்க் ரோடு முருகன். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் காவடி எடுத்து, நடந்தே போய் அந்தச் சந்நிதியில் இறக்குவார் அப்பா. என் அக்கா மகனுக்கு அதே சொல்லில் வேறு பொருள். கூட்டாகச் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டில், எதிரியின் அடியை எல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்டு மற்றவர்களைக் காப்பவர்தான் டேங்க். அடிப்பதையே வேலையாக வைத்திருப்பவர் டிபிஎஸ். இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக்குவதற்குக் கியர் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. அதை ஒரு கலை என்றே நான் மதிக்கிறேன்.

நாங்கள் ஆடுவது ‘தி டிவிஷன் 2’. சுவீடனின் மால்மோ நகரில் உள்ள மாசிவ் நிறுவனம் உருவாக்கி, யூபிசாஃப்ட் 2019 மார்ச்சில் வெளியிட்டது. கொள்ளை நோயால் அரசாங்கமே குலைந்துபோன வாஷிங்டனில் நான்கு பேர் வரை சேர்ந்து போரிடலாம். 2020 மார்ச்சில் ‘வார்லார்ட்ஸ் ஆஃப் நியூயார்க்’ என்ற விரிவாக்கம் வந்து, கியர் முறையை அடியோடு மாற்றியது. அடுத்த மாதம், ஏப்ரல் 7ஆம் தேதி, நம் சிங்கப்பூரில் சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கம் தொடங்கியது. தேக்கா சந்தைக்குப் போவதற்கே யோசித்த நாள்கள் அவை. அக்கா மகன் உட்லண்ட்ஸில், நான் பொத்தோங் பாசிரில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். இந்தக் கணக்கையெல்லாம் அந்த இரவுகளில்தான் கற்றுக்கொண்டேன்.

கணக்கு இதுதான். உடம்பில் கியர் மாட்ட ஆறு இடங்கள்: முகமூடி, முதுகுப்பை, மார்புக்கவசம், கையுறை, துப்பாக்கி உறை, முழங்கால் கவசம். ஒவ்வொன்றிலும் ஒரு மூலக்குணம் இருக்கும். சிவப்பு என்றால் ஆயுதத்தின் அடி கூடும், உச்சம் 15 விழுக்காடு. நீலம் என்றால் கவசம் கூடும், உச்சம் 170,000. மஞ்சள் என்றால் கருவித் திறன்.

ஆறும் சிவப்பாக இருந்தால் 100ஆக இருந்த அடி 190 ஆகிறது. அதில் இரண்டை நீலமாக மாற்றினால் 160. முப்பது போய்விட்டதே என்று பலர் பதறுகிறார்கள். 190இல் முப்பது என்பது பதினாறு விழுக்காடுதான். துப்பாக்கியும், ஆட்டத்தில் கிடைக்கும் கைக்கடிகாரமும் தரும் கூடுதல் அடியையும் சேர்த்தால் இழப்பு இன்னும் சுருங்கும். பதிலுக்குக் கிடைப்பது 340,000 கவசம். கலப்பு ஆட்டத்துக்கான இடம் இந்தக் கணக்கில்தான் திறக்கிறது.

ஆனால் மூன்று சிவப்பு, மூன்று நீலம் என்று பாகம் பிரித்து மாட்டிக்கொண்டால் டேங்க்-டிபிஎஸ் ஆகிவிடலாம் என்று நினைப்பது தவறு. நானே அப்படித்தான் தொடங்கினேன். கவசம் இருந்தது, அடியும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. சுவருக்குப் பின்னால் பதுங்கி நின்று சுடுகிற ஆளுக்கு அத்தனை கவசம் எதற்கு? அது வெறும் சுமை. கலப்பு ஆளின் கவசம் அடியாக மாற வேண்டும், அடி கவசமாகத் திரும்பி வரவேண்டும். இந்தச் சுழற்சியை உண்டாக்கும் துண்டுகளைத் தேடி எடுப்பதுதான் தேர்வு.

அரிய வகைகளை விட்டால், மார்புக்கவசத்துக்கும் முதுகுப்பைக்கும் மட்டும் தனித்திறமை உண்டு. முதுகுப்பையில் ‘அட்ரினலின் ரஷ்’ இருந்தால், எதிரிக்குப் பத்து மீட்டருக்குள் போனதுமே மேலதிகக் கவசம் ஏறுகிறது. மார்பில் ‘இன்டிமிடேட்’ இருந்தால், அந்த மேலதிகக் கவசம் உடம்பில் இருக்கும்வரை கிட்டத்தில் நிற்கிற எதிரி மேல் விழும் அடி பெருகுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சுமார்தான். சேர்த்து மாட்டினால் பயப்படாமல் முன்னே போகிறவருக்கே பலன் என்று ஆகிவிடுகிறது. இதை அமைத்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ‘ஹார்ட்பிரேக்கர்’ என்ற கியர்த் தொகுதியும் இந்த வழிதான்: தலையில் சுட்டால் எதிரி மேல் ஓர் அடையாளம் விழும்; அடையாளம் விழுந்தவனைச் சுடச் சுட, கவசமும் அடியும் சேர்ந்தே ஏறும். ‘ஹன்டர்ஸ் ஃப்யூரி’ தொகுதியில் அருகில் வந்த எதிரிக்கு அடி கூடுதலாக விழும். அவனை வீழ்த்தினால் உங்கள் கவசத்தின் ஒரு பகுதி செப்பனிடப்படும்.

எனக்கு மிகப் பிடித்தது ‘மெமென்டோ’ என்ற அரிய முதுகுப்பை. அதில் சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் உண்டு. நீங்கள் வீழ்த்திய எதிரி ஒரு நினைவுப்பொருளை விட்டுச் செல்வான். அதை எடுத்தால், உங்களிடம் எந்த நிறம் எத்தனை இருக்கிறதோ அதற்கேற்ற பலன் கிடைக்கும். ஆனால் அது தானாக வந்து சேராது. மறைவை விட்டு வெளியே ஓடி, குண்டு பறக்கிற திறந்த வெளியில் போய் எடுக்க வேண்டும். மற்ற ஐந்தையும் சிவப்பாக மாட்டியவர் பாதி வழியில் விழுந்துவிடுவார். இரண்டு மூன்று நீலம் இருப்பவர் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்று அடுத்தவனைச் சுடுவார்.

துப்பாக்கியையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும். எல்எம்ஜி என்ற இலகு இயந்திரத் துப்பாக்கிக்கு, மறைவுக்கு வெளியே இருக்கும் எதிரி மேல் கூடுதல் அடி உண்டு. உங்களை நோக்கி ஓடி வருகிறவன் மறைவில் இல்லை. ஷாட்கன் கவசத்தைப் பிளக்கும். எஸ்எம்ஜி என்ற சிறு இயந்திரத் துப்பாக்கி, வழக்கத்தைவிட வலுவான ‘கிரிட்டிகல்’ அடிக்கான வாய்ப்பைக் கூட்டும். அந்த வாய்ப்பு 60 விழுக்காட்டைத் தாண்டாது. அதற்கு மேல் சேர்ப்பதெல்லாம் வீண். கேடயம் தூக்குகிறவர்கள் கவனிக்க: அது கருவிதானே என்று மஞ்சளைத் தேடாதீர்கள். கேடயத்துக்கு வலு சேர்ப்பது நீலம்.

இதையெல்லாம் ஒருவர் தனக்காகச் செய்வதில்லை. அதனால்தான் வானொலியில் பேசும் அளவுக்கு எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பதிற்றுப்பத்து சேர மன்னரை ‘மெய்ம்மறை’ என்கிறது. உடம்பை மறைக்கும் கவசம் என்று பொருள். வீரர்களுக்குக் கவசமாக அரசன் முன்னே நிற்கிறான், நின்று போரிடவும் செய்கிறான். நால்வர் அணியில் ஒருவர் அப்படி முன்னே போனால், எதிரிகளின் துப்பாக்கிகள் அவர் பக்கம் திரும்பும். பின்னால் இருக்கும் மூவரும் ஆறு சிவப்பையும் அச்சமில்லாமல் மாட்டிக்கொள்ளலாம். வெறும் டேங்க் அடியைத் தாங்குவார். ஆனால் அவர் அடி எறும்புக் கடியாக இருப்பதால் சண்டை நீண்டுகொண்டே போகும், ‘ஹீரோயிக்’ என்ற கடின நிலையில் அந்த நீட்டிப்பே அணியை வீழ்த்திவிடும். எங்கள் அணியில் மூன்று பேர் சிவப்புக்குப் போய், நான் இரண்டு நீலத்தோடு முன்னே நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஹீரோயிக்கை முடிக்க முடிந்தது.

அக்கா மகன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை முகாமிலிருந்து புக் அவுட் ஆனதும் தேக்காவுக்கு வந்துவிடுவான். போன வாரம் புரோட்டா வருவதற்குள் டிஷ்யூ தாளில் ஆறு கட்டம் போட்டு எனக்கு முன்னால் தள்ளினான்.

“சித்தி, இப்ப நானும் மூணு நீலம் போடலாமான்னு பாக்குறேன். நீங்க என்ன சொல்றீங்க?”

“நீ எவ்வளவு தூரத்துல நின்னு சுடுற? அத முதல்ல சொல்லு.”

யோசித்தான். “இருபது மீட்டர் இருக்கும். சில நேரம் முப்பது.”

“பத்துக்குள்ள போவியா?”

“மாட்டேன்.”

பேனாவை எடுத்தான். நீலம் என்று எழுதியிருந்த மூன்றையும் அடித்துவிட்டுச் சிவப்பு என்று எழுதினான். பிறகு தாளை என் பக்கமே மறுபடியும் திருப்பி, “அப்ப முன்னால நீங்கதான் போகணும்” என்றான்.